சாமி விழும் காசு

நெய்வேலி நகரியத்தில் கிளமென்ட் அண்ணனைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிற ஆள் என்று அர்த்தம். டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கிற எந்த மைதானத்துக்குப் போனாலும் அண்ணன் நிற்பார். வெள்ளைத் தொப்பி, அரைக்கை வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து சைக்கிளை நேராக மைதானத்துக்கு மிதித்துவிடுவார். அவர் மனைவி ஏஞ்சலின் அக்கா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார், திட்டிக்கொண்டே.

அவர் அம்பயர். நான் மைக். என் பெயர் ராஜேந்திரன், தண்ணீர் சப்ளையில் பம்ப் ஆபரேட்டர். பம்ப்பைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. அதனால் ஞாயிறு தவறாமல் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லப் போய்விடுவேன். கிளமென்ட் அண்ணன் அவுட் கொடுக்க எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் ரெண்டு விளம்பரம் வாசித்து முடித்துவிடலாம். "அம்பயர் யோசிக்கிறார், யோசித்துக்கொண்டே இருக்கிறார், யாராவது அவரைத் தொட்டுப் பாருங்கள்" என்று மைக்கில் சொல்வேன். கூட்டம் சிரிக்கும். அண்ணன் சிரிக்க மாட்டார். விரலைத் தூக்கினால் தூக்கினதுதான், எவன் வந்து கத்தினாலும் இறங்காது.

அவர் பெயரை எல்லார் வாயிலும் போட்டது அந்த விரல் இல்லை, ஒரு காசு.

முன்பெல்லாம் டாஸ் என்றாலே சண்டைதான். அந்த நாளில் புதுசாக வந்த ஒரு ரூபாயில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒரு கட்டைவிரல். ரெண்டு ரூபாயில் ரெண்டு விரல். பூவா தலையா என்று கேட்டால், பூவுக்கு எங்கே போவது? கட்டைவிரல்தான் பூ என்பான் ஒருவன். விரல் உடம்போடு சேர்ந்தது, ஆகவே அதுதான் தலை என்பான் இன்னொருவன். அவன் சட்டம் படித்திருக்க வேண்டியவன், பாவம், வெல்டிங் படித்துவிட்டான். ஒருமுறை இந்த வாக்குவாதத்திலேயே பொழுது இறங்கி ஓவரைப் பாதியாகக் குறைத்தோம். அந்த வாரம்தான் கிளமென்ட் அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து இந்தக் காசை எடுத்தார்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் அவர் மச்சான் ஊர். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனவர், ஆற்றில் குளித்துக் கரையேறும்போது உள்ளங்காலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் களிம்பேறிய ஒரு வட்டத் தகடு. வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏஞ்சலின் அக்கா அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பச்சை போய்ப் பழுப்பு வந்தது. ஒரு பக்கம் முள்முள்ளாகக் கிரீடம் வைத்த ஒருவரின் தலை. மறுபக்கம் ஒருவர் முழு உயரத்தில் நிற்கிறார். தலையைச் சுற்றிக் கதிர், தோளில் ஒரு போர்வை, வலது கை மேலே தூக்கியிருக்கிறது, இடது கையில் ஒரு பந்து.

"தலை, சாமி. ரெண்டுல எது வேணும்னு கேளு. இதுல எவனுக்கும் கொழப்பம் வராது" என்றார் அண்ணன். வரவும் இல்லை. டாஸ் சண்டை அன்றோடு ஒழிந்தது.

அது என்ன சாமி என்பதில் மட்டும் ஆளுக்கொரு பேச்சு. சம்மனசு, தேவதூதர் என்றார் அண்ணன். சம்மனசுக்கு றெக்கை எங்கே என்று ஏஞ்சலின் அக்கா கேட்டார். பையன்களில் பாதிப் பேர் முருகன் என்றார்கள். பாலக்காட்டுப் பையன் ஒருவன் ஐயப்பன் என்று அடித்துச் சொன்னான். எனக்கு என்னவோ நகரிய வாசல் ஆர்ச் கேட்டில் பஸ்ஸை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரிதான் தெரிந்தது. அதை மைக்கில் சொன்னதற்கு ரெண்டு பேர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

நம்ம ஊரில் சாமி என்று ஒன்று வந்துவிட்டால் சும்மா விடுவார்களா? முதலில் ஒரு கேப்டன், சாமி தரையில் விழக் கூடாது என்றான். அண்ணன் தோளில் இருந்த துண்டைப் பிட்ச்சில் விரித்து அதன் மேல் காசை விழவிட்டார். அடுத்த வாரம் இன்னொருவன் ஷூவைக் கழற்றிவிட்டு டாஸுக்கு வந்தான். அதற்கடுத்த வாரம் எல்லாரும் கழற்றினார்கள். காசு விழுந்ததும் கேப்டன்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இந்துப் பையன், கிறிஸ்தவப் பையன் என்கிற வித்தியாசமெல்லாம் கிடையாது. உலகத்தில் வேறெங்கும் கிரிக்கெட் டாஸ் இவ்வளவு பயபக்தியாக நடந்திருக்காது என்று நான் எழுதியே கொடுப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. தலை என்று கேட்க ஆளே இல்லாமல் போனது. சாமிக்கு எதிராக எவன் வாயைத் திறப்பான்? யாருக்குக் கேட்கிற முறை வந்தாலும் "சாமி" என்றுதான் சொல்வான். காசும் பெரும்பாலும் சாமியாகத்தான் விழும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சாமி என்று கூப்பிட்டால் சாமி வருகிறது. வராவிட்டால்தான் எங்களுக்குச் சங்கடம். அந்தக் கேப்டன் வீட்டில் ஏதாவது தீட்டா என்று விசாரிப்போம்.

கேட்கிற முறை யாருக்கு என்பதற்கும் அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். "தூரத்துலருந்து வந்தவன் கேக்கட்டும்." வந்த விருந்தாளிக்கு முதல் மரியாதை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

நகரியத்தில் குவார்ட்டர்ஸ் பையன்களின் டீம் பிளாக்குக்கு ஒன்று. எல்லாரும் பெர்மனென்ட் ஆட்கள், அல்லது பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள். அதில் கெட்டி, பதினாறாம் பிளாக். அதன் கேப்டன் சுதாகர், அனல்மின் நிலையத்தில் ஜூனியர் இன்ஜினியர்; தலையில் ஒரு முடி கலைந்து நான் பார்த்ததில்லை. இவர்களைத் தவிர வெளியிலிருந்து வருகிற டீம் ஒன்றே ஒன்று, விடிவெள்ளி. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற பையன்கள். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து சைக்கிளிலும் மூன்று பேர் ஏறிய வண்டியிலும் வருவார்கள். ரெண்டு மட்டை, அதில் ஒன்றுக்குக் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். கேப்டன் சின்னதுரை, ஒல்லியான ஆள், ஓட்டத்தில் முயல். தூரத்திலிருந்து வந்தவன் கேட்கட்டும் என்றால் எப்போதும் கேட்பது யார்? விடிவெள்ளிதான்.

அந்த மைதானத்தில் டாஸ் சும்மா இல்லை. ஒரு முனைக்குப் பின்னால் முள்வேலி இருப்பதால் மறு முனையிலிருந்து மட்டும்தான் பந்து போடுவோம். மட்டை பிடிப்பவன் மேற்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். முதலில் ஆடுகிறவனுக்கு வெயில் உச்சியில், கவலையில்லை. ரெண்டாவதாக ஆடுகிறவனுக்குச் சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும். பந்து எங்கே வருகிறது என்று குத்துமதிப்பாகத்தான் வீச வேண்டும். ஆக டாஸ் ஜெயித்தவன் பாதி மேட்ச் ஜெயித்தவன். விடிவெள்ளி ரெண்டு வருஷம் கோப்பையைத் தூக்கியது. சின்னதுரைக்குச் சாமி துணை என்று ஊரே பேசியது. அவனும் நம்பினான், பின்னே?

கிளமென்ட் அண்ணனின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவரும் காண்ட்ராக்டில் கிடந்தவர்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. மழைக்காலத்தில் அது சேறாகி முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். வாலிபத்தில் மண்வெட்டியைப் பிடித்தவர், காதோரம் நரைத்த பிறகுதான் பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அக்கா பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். அண்ணனோடு அதே பெல்ட்டுக்கு அடியில் வாரிக்கொண்டிருந்த மற்றவர்கள் பெயர் அந்த முறை பெர்மனென்ட் பட்டியலில் வரவில்லை. அவர்களுக்கு லட்டு கொடுத்தீர்களா அண்ணே என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிகினு நீட்டறது?" என்றார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நானும் என் வாயை அடக்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அபூர்வமாக.

2014 மே மாதம். அந்த வருஷ இறுதி ஆட்டம் விடிவெள்ளிக்கும் பதினாறாம் பிளாக்குக்கும் என்று முடிவாகிவிட்டது. அரையிறுதி முடிந்த சாயங்காலம், எல்லாரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தெய்வசிகாமணி சார் அங்கேதான் வந்தார். பாங்க் மேனேஜர், மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். பழைய காசு சேர்க்கிற பைத்தியம் உண்டு. அதை அவரே சொல்லிக்கொள்வார். "இங்கே ஏதோ ஒரு காசைச் செருப்பைக் கழற்றிட்டுத் தொடுறாங்களாமே, நான் ஒருதடவை பார்க்கலாமா?" என்றார்.

அண்ணன் கொடுத்தார். சார் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்தவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"இதை எதை வெச்சுத் தேய்ச்சீங்க?"

"வூட்ல தேய்ச்சாங்க சார். புளி."

"புளியா!" என்று நெஞ்சில் கையை வைத்தார். அப்புறம் நிதானத்துக்கு வந்து சொன்னார். அது ரோமாபுரிக் காசு. வெண்கலம். ஆயிரத்து எழுநூறு வருஷம் இருக்கலாம். முள் கிரீடத்தோடு இருக்கிற தலை அவர்கள் ராஜா. பெயரைப் புளி தின்றுவிட்டது. மறுபக்கம் நிற்பது அவர்கள் கும்பிட்ட சூரிய தேவன். தலையைச் சுற்றி இருப்பது கதிர். கையில் இருப்பது பந்து இல்லை, உலகம். கப்பலில் வந்த வியாபாரி எவன் கையிலிருந்தோ இறங்கி, எங்கெங்கோ சுற்றி, வெள்ளாற்றில் விழுந்து கிடந்திருக்கிறது.

இத்தனை நாள் நாங்கள் வெயிலுக்குப் பயந்து டாஸ் போட்டது சூரியனை வைத்தா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விடிவெள்ளியின் விக்கெட் கீப்பர் மாடசாமி, "ரோம்னா, அப்ப ஆர்.சி. சாமியா சார்?" என்று கேட்டான். "டேய், இது அதுக்கும் மின்னாடிடா" என்று அண்ணன் அவன் தலையில் தட்டினார். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

சார் காசைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். "அடடா, இது வளைஞ்சிருக்கே. இதை வெச்சா டாஸ் போடுறீங்க? இது ஒரே பக்கமால்ல விழப் பார்க்கும்" என்றார். பெஞ்சில் அண்ணனின் துண்டை விரித்துச் சுண்டினார். சாமி. மறுபடி சாமி. மறுபடி சாமி. ஒருதடவை தலை விழுந்தது. மறுபடி சாமி. அது ஏன் அப்படி என்று சார் விளக்கினார், எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் இதைச் செய்தார்.

சுதாகர் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கேக்கிற சான்ஸ் எப்பவும் யாருக்குக் குடுப்பீங்க?"

"தூரத்துலருந்து வர்றவங்களுக்கு" என்றார் அண்ணன்.

"தூரத்துலருந்து எப்பவும் வர்றது யாரு?"

அண்ணன் பெஞ்சில் கிடந்த காசை எடுத்துப் பையில் போட்டார்.

"காசு ஒரு பக்கமா விழும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்போம். புளி போட்டுத் தேய்க்க விட்டவருக்கு வளைவு எங்கே தெரியப் போகிறது? நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், தெரியாதுன்னு சொல்லுங்கண்ணே, சொல்லித் தொலைங்க என்று.

"தெரியும்" என்றார் அண்ணன். "மொத வருசமே வூட்ல உக்காந்து சுண்டிப் பாத்துட்டேன்."

சுதாகர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு வருஷமா நாங்க கண்ணுல வெயில வாங்கிட்டு ஆடினோம். உங்களை அம்பயர்னு நம்பித்தானே ஆடினோம்?" என்றான். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அவனைப் பிடிக்காது, ஆனாலும் அன்றைக்கு அவன் பேசியதுதான் நியாயம்.

"இவனுங்க காலைல ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்படியே வர்றானுங்கப்பா" என்றார் அண்ணன் மெதுவாக. "மட்டை இல்ல, ஷூ இல்ல. அங்க சொரங்கத்துலதான் ஒண்ணும் என்னால ஆவாது. இங்கியாச்சும்னு..."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் சின்னதுரை உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"அண்ணே, அப்ப நாங்க ஜெயிச்சது?"

"நீங்க நல்லாத்தாண்டா ஆடுனீங்க."

"அது இல்லண்ணே. எங்களப் பாத்தா ஒங்களுக்கு அவ்ளோ பாவமாவா இருந்துச்சி?"

கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னாலேயே அவன் பையன்களும் போனார்கள். டீக்குக்கூட யாரும் நிற்கவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுதாகர் கேட்டபோது நிமிர்ந்து பதில் சொன்ன மனிதர், இவன் கேட்டதற்குத் தலையைத் தூக்கவில்லை.

அந்த வாரம் நகரியத்தில் வேறு பேச்சே இல்லை. காய்கறி மார்க்கெட்டில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு. கோயிலில் பூசை முடிந்து வருகிற வழியில், 'இவரா இப்படி' என்று ஏஞ்சலின் அக்காவின் காதுபடவே சொன்னார்களாம். நான் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஷிஃப்ட்டுக்குப் போறாரு, வர்றாரு, வாயத் தொறக்கல ராஜேந்திரா. கொழம்புல உப்பில்லன்னு சொல்லக்கூட இல்ல" என்றார். அவர் சமையலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே அண்ணன் வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் வெலகிக்கறேன். இனிமே நான் வெரலத் தூக்குனா எவன் நம்புவான்? அவுட்டு குடுத்தா பதினாறுக்கு பயந்துட்டான்னுவான். குடுக்கலன்னா காண்ட்ராக்ட்டுக்குச் சாதகம்னுவான். ஒரு ஆளு இருவது வருசமா சேத்த பேரு, ஒரு டீ குடிக்கற நேரத்துல போயிடுச்சி பாத்தியா?" என்றார். மைக் இல்லாமல் நான் பேசி ஆறுதல் சொல்லி ஒருவரும் தேறியதில்லை.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. சுதாகர் வேறு அம்பயர் வேண்டும் என்றான். கமிட்டியும் தலையாட்டத் தயாராக இருந்தது. சின்னதுரை எழுந்தான்.

"அவரே நிக்கட்டும்."

"உங்களுக்கென்ன, நிக்கட்டும்னுதான் சொல்லுவீங்க" என்றான் சுதாகர்.

"சார், அவரு டாஸுலதான் ஓரம் சாஞ்சாரு. எல்பி அவுட்டு, ரன் அவுட்டு எதுலயாச்சும் எங்களுக்கு ஒண்ணு வுட்டுக் குடுத்தாரா? நீங்களே நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

சுதாகர் நேர்மையான பையன், அதையும் சொல்லத்தான் வேண்டும். "இல்ல" என்றான். "சரி, நிக்கட்டும். ஆனா ஒரு தப்புக் கை காட்டினாலும் நாங்க மைதானத்தை விட்டு வெளியே போயிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. பாதிப் பேர் கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். அண்ணன் நடுவே போய் நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தார். கட்டைவிரல் போட்ட ரூபாய்.

"பழச எடுங்கண்ணே" என்றான் சின்னதுரை.

"என்ன விளையாட்டு இது?" என்று சுதாகர் முறைத்தான்.

"நான் தலைதான் கேக்கப் போறேன் சார்."

பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் மைக்கில் சொல்வதா வேண்டாமா என்று திணறி, கடைசியில் சொல்லிவிட்டேன். கூட்டத்திலிருந்து ஒரு 'ஐயோ' கிளம்பியது. சாமியை எதிர்த்துக் கேட்கிறானே என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் சின்னதுரையின் முகத்தையே பார்த்தார். அவன் கோபமாக இல்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய காசை எடுத்தார்.

துண்டு விரித்தார். சுண்டினார்.

"தலை" என்றான் சின்னதுரை, எல்லார் காதிலும் விழும்படி.

சாமி விழுந்தது. கையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் பளபளவென்று.

சுதாகர் தயங்காமல் முதலில் ஆடுகிறோம் என்றான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தெய்வசிகாமணி சார் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் நேராக அவரிடம் போய்க் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார். "மியூசியமோ எதுவோ, எங்க சேக்கணுமோ சேத்துடுங்க சார். இது இனிமே இங்க வேணாம்" என்றார். சார் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார், ஒரு குழந்தையை வாங்குகிற மாதிரி. மறு வாரமே அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தும்விட்டது.

பதினாறாம் பிளாக் நன்றாக ஆடியது. சுதாகர் அடித்த சில பந்துகளைப் பொறுக்க மைதானத்துக்கு வெளியே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அப்புறம் விடிவெள்ளி இறங்கியது. சூரியனும் இறங்கியது. பையன்கள் கையைப் புருவத்தில் வைத்து, பந்து கிளம்புகிற நேரத்துக்குக் கையை எடுத்து ஆடினார்கள். முதல் மூன்று விக்கெட் வந்த வேகத்தில் போனது. முடிந்தது கதை என்று நான் விளம்பரத்தை வாசிக்க ஆரம்பித்தேன். சின்னதுரையும் மாடசாமியும் சேர்ந்தார்கள். தூக்கி அடிக்கவே இல்லை. பந்தைத் தரையோடு தட்டிவிட்டு ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் ரெண்டு. எதிர் டீம் எறிந்து எறிந்து களைத்தது. கூட்டத்தில் பெர்மனென்ட், காண்ட்ராக்ட் என்ற பேதமில்லாமல் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் குரல் கம்மிவிட்டது.

கடைசிப் பந்து. ரெண்டு ரன் எடுத்தால் கோப்பை. ஒன்றோடு நின்றால் சமம். சமமானால் முதலில் ஆடியவர்களுக்கே கோப்பை என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மட்டை மாடசாமியிடம். சின்னதுரை இந்த முனையில், அண்ணனுக்குப் பக்கத்தில்.

மாடசாமி தட்டினான். ஓடினார்கள். ஒன்று முடிந்தது. சின்னதுரை அந்தப் பக்கம் கோட்டைத் தொட்டுவிட்டு, சூரியனை நோக்கித் திரும்பி ஓடிவந்தான். பந்து எல்லைக்கோட்டிலிருந்து பறந்து வந்தது. பந்து போட்டவன் அதைப் பிடித்து ஸ்டம்பின் மேல் விழுந்தான். சின்னதுரை மட்டையை நீட்டிக்கொண்டு தரையில் சறுக்கினான். ஒரே புழுதி. எதிர் முனையில் நின்ற சுதாகருக்குக் கண்ணில் வெயில். பந்து போட்டவன் குப்புறக் கிடக்கிறான். எனக்குப் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பார்த்தது ஒரே ஒருவர்.

கிளமென்ட் அண்ணன் குனிந்த நிலையிலேயே நின்றார். அன்றைக்கு நான் விளம்பரமும் வாசிக்கவில்லை, கேலியும் பேசவில்லை. அவர் தலையசைத்து 'இல்லை' என்றிருந்தால் மறுக்க ஒருவரிடமும் சாட்சி கிடையாது. சைக்கிள் டியூப் சுற்றிய அந்த மட்டை அவர் காலடியில் நீண்டு கிடந்தது. அதைப் பார்த்தார். சின்னதுரையைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

விரல் மேலே போனது.

கூட்டத்தில் ஒரு பக்கம் கத்தியது, ஒரு பக்கம் உறைந்து நின்றது. சுதாகர் துள்ளிக் குதிக்க வந்தவன், அண்ணன் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றுவிட்டான். கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் தன் ஆட்களிடம் போனான்.

கோப்பை கொடுத்து முடித்துக் கூட்டம் கலைந்தது. அண்ணன் தனியாக ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு அங்கே போனபோது சின்னதுரை முழங்கை சிராய்ப்போடு அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"எவ்ளோண்ணே கம்மி?" என்று கேட்டான்.

அண்ணன் விரலால் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை.

"எனக்கும் தெரிஞ்சிது. கோட்டுக்கு வெளிய கெடக்குதுன்னு மட்டையே சொல்லிச்சி."

"சின்னதுரை, நான்..."

"அடுத்த வருசமும் நீங்கதாண்ணே நிக்கணும்."

"ஒன்ன அவுட்டு குடுத்துட்டேனேடா."

"அதனாலதாண்ணே சொல்றேன்."

அண்ணன் சரி என்று தலையாட்டினார். கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார், அது பிட்ச் ஓரத்திலேயே கிடந்தது. குனிந்து கடைசி ஸ்டம்பைப் பிடித்து இழுத்தார், அது வரவில்லை. சின்னதுரைதான் அதை அசைத்து அசைத்துப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தான்.